திரைக்கு அந்தப் பக்கம் கருநாகம்

தாடைக்கு அடியில் ஒரு பட்டை, பிடரிக்கு அடியில் ஒரு பட்டை, இரண்டையும் தலைமாட்டில் இருந்த கொக்கியில் மாட்டி பிசியோதெரபிப் பொண்ணு பிரிசில்லா மெஷினைத் தட்டிவிட்டதும் எத்திராஜின் கழுத்து மெல்ல இழுபட ஆரம்பித்தது. "வாயைத் திறக்காதீங்க தாத்தா, பேசினா தாடை பிடிச்சுக்கும். தாங்கவே முடியலன்னா இந்தப் பட்டனை அழுத்துங்க, நின்னுடும்" என்று வயர் தொங்கும் பொத்தான் ஒன்றைக் கையில் திணித்துவிட்டு, பச்சைத் திரையை இழுத்து மூடிக்கொண்டு போனாள். தாத்தாவாம். நேற்றுப் பிறந்தது, அது வந்து தாத்தா என்கிறது. எழுபத்தெட்டு வயசில் தாத்தா இல்லாமல் வேறென்ன, இருந்தாலும் அந்தக் கொஞ்சல் வேண்டாம், ஐயா என்றால் வாய் தேய்ந்துவிடுமா. மெஷின் இழுத்தது, கொஞ்ச நேரம் பிடித்துவைத்தது, விட்டது, மறுபடி இழுத்தது. மல்லாக்கப் படுக்கப் போட்டு, தோள் இரண்டையும் மெத்தையோடு அழுத்திச் சரிசெய்துவிட்டு, அசையாதே என்கிறார்கள். தோள் தரையில் பட்டால் துள்ளி எழத்தான் அந்த உடம்பைப் பழக்கியிருந்தார்கள், அதைப் போய் அசையாதே என்றால் அது எங்கே கேட்கும், உள்ளுக்குள்ளேயே முறுக்கிக்கொண்டு கிடந்தது. காலையில் டாக்டரிடம் மகன் தயாளன் சொன்னது வேறு காதைவிட்டுப் போகவில்லை. "அப்பா அந்தக் காலத்துல குஸ்தி கம்பெனில ரிங்கு கட்டற வேலை பாத்தாரு சார். மரம், பலகை, கயிறுன்னு தோள்லயே சுமந்திருக்காரு. அதான் எலும்பு தேஞ்சிருக்கும்." டாக்டரும் ஆமாம் ஆமாம் என்று தலையை ஆட்டினான். ரிங்கு கட்டறவன். அந்தப் பிள்ளைமேல் என்ன தப்பு, அப்படித்தான் சொல்லி வளர்த்தது, ஆனாலும் அவன் வாயில் அந்த வார்த்தை வரும்போதெல்லாம் எத்திராஜுக்கு அவனை ஓங்கி ஒரு அறை விடலாம் போலத்தான் இருக்கிறது. எங்கேயோ ரேடியோவில் ஒருத்தி எதற்கென்றே தெரியாமல் சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். தைல நாற்றம். கூரையில் தண்ணீர் ஊறின கறை. எதுவுமே பிடிக்கவில்லை.

அப்போது திரைக்கு அந்தப் பக்கம் ஒருத்தன் தொண்டையைச் செருமினான். முதலில் சின்னதாக ஒன்று, பிறகு பெரிதாக ஒன்று, பேச்சைத் தொடங்குவதற்கு முன்னால் நாலு பேர் தன்னைத் திரும்பிப் பார்க்கவேண்டும் என்கிற செருமல். ஜம்பு. இந்தச் செருமலைக் கேட்டு எத்தனை வருஷம், குஸ்தி கம்பெனி முதலாளி நாயகர் சாவுக்கு வந்தபோது கேட்டது, அதோடு சரி, அன்றைக்கும் பிணத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு இப்படித்தான் செருமினான். ஜம்புலிங்கம், இளஞ்சிங்கம் ஜம்பு என்று சுவர் சுவராக ஒட்டினார்களே, அவனே. இன்னுமா இருக்கிறான். போய்ச் சேர்ந்திருப்பான் என்றல்லவா எத்திராஜ் கணக்குப் போட்டு வைத்திருந்தான், ஒவ்வொரு தீபாவளிக்கும் அந்த நினைப்பே ஒரு தெம்பாக இருந்ததே. "கையை நல்லா உள்ள விடுங்க தாத்தா, சூடு தாங்கும்" என்று பிரிசில்லா அவனிடம் சொல்வது கேட்டது, மெழுகை உருக்கிக் கையை முக்கிவிடுகிறாள் போல, கைமூட்டு வலியாக இருக்கும், இருக்கட்டும், நன்றாக வலிக்கட்டும். "நீங்க குஸ்தி சண்டை போட்டவராமே, உங்க மருமக சொன்னாங்க" என்றாள் அவள். "அதெல்லாம் ஒரு காலம்மா" என்றான் ஜம்பு. குரலில் அந்த மெத்தனத்தைப் பாரேன். "என் வீட்டுக்காரர் போன்ல ஒண்ணு காட்டினாரு தாத்தா. யாரோ பழைய நோட்டீஸெல்லாம் தேடி எடுத்துப் போட்டிருக்காங்க. கறுப்பு முகமூடி மாட்டிக்கிட்டு ஒருத்தரு. கருநாகம்னு பேரு. அவரு யாருன்னு கடைசிவரைக்கும் யாருக்குமே தெரியாதாமே. நீங்க பாத்திருக்கீங்களா அவரை?" மெஷின் இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றது. எத்திராஜ் மூச்சை அடக்கிக்கொண்டான். சொல்லப்போகிறான், இத்தனை வருஷத்துக்குப் பிறகு ஒரு வாய், ஒரே ஒரு வாய், அவன் பேரு எத்திராஜும்மா, புளியந்தோப்புப் பையன் என்று சொல்லப்போகிறான். சொல்லடா. ஜம்பு செருமினான். "பாத்திருக்கேனாவா" என்றான். "கருநாகமே நான்தாம்மா."

பொத்தான் கையில் இருந்தது. அழுத்தினால் போதும், மெஷின் நின்றுவிடும், பட்டையைப் பிய்த்துப் போட்டுவிட்டுத் திரையைக் கிழித்துக்கொண்டு போய் அந்தச் சோமாரியின் குரல்வளையைப் பிடித்துவிடலாம். அழுத்தவில்லை. அழுத்தினால் பிரிசில்லா இங்கே ஓடிவருவாள், அவன் பேச்சை நிறுத்திவிடுவான், அப்புறம் இன்னும் என்னென்ன திருடிவைத்திருக்கிறான் என்று தெரியாமலே போய்விடும். கேட்கணும், கடைசிவரைக்கும் கேட்கணும். எத்திராஜ் மகனிடம் சொல்லவில்லை. சாகிறவரைக்கும் பெண்டாட்டி கஸ்தூரியிடம் சொல்லவில்லை. ஒரே ஒரு தடவை, தயாளன் பிறந்த வருஷம், "கருநாகம்னு ஒருத்தன் இருந்தானே, தெரியுமா உனக்கு" என்று ஆரம்பித்தான். "அவனுக்கு நீங்கதான் ரிங்கு கட்டினீங்களா?" என்று அவள் கேட்டாள். எவ்வளவு ஆசையாகக் கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டான். கங்காதர நாயகர் கற்பூரத்தை ஏற்றி, அதன்மேல் கையை அடித்து வாங்கின சத்தியம் அப்படி. முகமூடி போடுகிறவன் யார் என்று கம்பெனிக்குள்ளேயே நாலு பேருக்குத்தான் தெரியணும், நாயகர், ஜீப் டிரைவர், மைக்கில் பேசுகிறவர், கடைசி நாளில் அவனோடு மோதுகிற ஜம்பு. நாயகர் போனார். டிரைவர் போனான். மைக்குக்காரர் ரத்தக் கொதிப்பில் போனார். மிச்சம் இருக்கிற ஒரே சாட்சி அந்தத் திரைக்குப் பின்னால் மெழுகில் கையை விட்டுக்கொண்டு, கருநாகமே நான்தாம்மா என்கிறான். முகமூடிகூட மிச்சமில்லை, ஆட்டம் முடிந்த கையோடு நாயகர் அதை வாங்கித் தன் பெட்டியில் போட்டுப் பூட்டிவிடுவார். எதை வைத்து நிரூபிப்பது. எத்திராஜ் செத்துச் சுண்ணாம்பானாலும் சத்தியம் காத்தவன் என்று ஒருத்தனுக்காவது தெரியவேண்டாமா.

நாயகர் ஒரே மாதிரி இரண்டு பையன்களைத் தேடிக்கொண்டிருந்தார், ஒரே உயரம், ஒரே எடை, ஒரே வயசு, ஒருத்தன் கதாநாயகன், இன்னொருத்தனுக்கு முகமூடி. புளியந்தோப்பிலிருந்து இவனும் ஓட்டேரியிலிருந்து அவனும் ஒரே பஸ்ஸில் போனார்கள். பஸ்ஸிலேயே ஜம்பு சொன்னான், சத்தியமாகச் சொன்னான், காதுக்குப் பக்கத்தில் வாயை வைத்து, "முதலாளி முன்னால பல்லைக் காட்டாதடா, சிரிக்கிறவனைக் கண்டா அவருக்கு ஆவாது, விடலைப் பையன்னு துரத்திடுவாரு" என்றான். இவன் நம்பினான். மடையன், வடிகட்டின மடையன். நாயகர் இரண்டு பேரையும் நிற்கவைத்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார், கையைப் பிடித்துப் பார்த்தார், கழுத்தைத் தட்டிப் பார்த்தார். "இன்னாடா, ரெண்டு பேரும் எழவு வீட்டுக்கு வந்தா மாதிரி நிக்கிறீங்க" என்றார். அந்தப் பேமானி சிரித்தான். பல் முப்பத்திரண்டும் தெரிய, கன்னத்தில் குழி விழ, சிரித்தான். நாயகர் உடனே அவன் தோளைத் தட்டி "இவன் மூஞ்சி ஜனங்களுக்குப் புடிக்கும், இவனை ஏத்து மேல" என்றார், எத்திராஜைப் பார்த்து "உனக்கு முகமூடி" என்றார். அவ்வளவுதான் விஷயம், ஒரு டீ ஆறுகிற நேரம்கூட ஆகவில்லை. அன்றைக்குச் சிரித்திருந்தால். ஒரே ஒரு தடவை, வாயைக் கொஞ்சம் கோணியிருந்தால் போதுமே. இந்த இடத்துக்கு வந்ததும் எத்திராஜின் மனசு எப்போதும் நகர மறுக்கும், கொக்கியில் வேட்டி மாட்டிக்கொண்ட மாதிரி அங்கேயே நின்று இழுபடும். சிரித்திருந்தால் இளஞ்சிங்கம் எத்திராஜ். சிரித்திருந்தால் சிங்கப்பூர், மலேயா, பினாங்கு, கப்பலில் ஏறி மாலையும் கழுத்துமாகப் போட்டோ. சிரித்திருந்தால் சோப்பு விளம்பரத்தில் தன் மூஞ்சி, இரண்டு சினிமாவில் அடியாள். அந்த இளஞ்சிங்கம் எத்திராஜை நினைத்தாலும் இவனுக்கு எரிச்சல்தான் வருகிறது, எங்கேயோ கொழுத்துப்போய் வாழ்ந்துகொண்டிருக்கிறான், இவனை ஒரு நாளும் வந்து பார்க்கவில்லை.

"உள்ள ஒண்ணுமே தெரியாதும்மா" என்று ஜம்பு சொல்லிக்கொண்டிருந்தான். "வேர்வை கண்ணுல எறங்கும். தோல் முகமூடி, கண்ணாண்ட, மூக்காண்ட மட்டும் ஓட்டை. ஜனங்க கத்தறது தண்ணிக்குள்ள இருந்து கேக்கற மாதிரி கேக்கும்." எத்திராஜின் கண்ணில் நீர் முட்டிவிட்டது, கோபத்தில்தான், வேறு எதற்கும் இல்லை. அது எத்திராஜ் சொன்னது. தண்ணிக்குள்ள இருந்து கேக்கற மாதிரி. சேலத்திலிருந்து ரயிலில் வரும்போது, கதவோரம் உட்கார்ந்து ஒரே பீடியை மாற்றி மாற்றி இழுத்துக்கொண்டு, முகமூடிக்குள்ள எப்படிடா இருக்குது என்று ஜம்பு கேட்டான், அதற்கு எத்திராஜ் சொன்னது. வார்த்தைகூட மாறவில்லை. அந்த ஒரு ராத்திரிதான் எத்திராஜ் யாரிடமாவது மனசைத் திறந்து பேசினான், அதையும் இவன் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போயிருக்கிறான், இத்தனை வருஷம் பத்திரமாக வைத்திருந்து இந்தப் பொண்ணிடம் எடுத்து விரிக்கிறான். "அய்யோ பாவம்" என்றாள் பிரிசில்லா. யாருக்குப் பாவம் பார்க்கிறாள். அந்த அய்யோ பாவம் எத்திராஜுக்குச் சேரவேண்டியது. ஐம்பது வருஷத்துக்கு மேலாக ஒரு ஜீவன் சொல்லாத அய்யோ பாவம், அதுவும் அவன் மடியில் போய் விழுகிறது.

மெஷின் விட்டது, இழுத்தது. கழுத்துக்குள்ளே ஏதோ கரகரவென்று நகர்ந்தது. இந்தக் கழுத்தை வைத்துத்தான் பெரம்பூர் ரயில்வே தொழிற்சாலைக் களத்தில் குஸ்தி சொல்லிக்கொடுத்த பாஷ்யம் சார் பெருமையடித்துக்கொண்டிருந்தார், தலையையும் காலையும் மட்டும் ஊன்றி உடம்பை வில்லாக வளைத்து நின்றால் எத்திராஜின் வயிற்றின்மேல் இரண்டு பேர் ஏறி நிற்கலாம். "கொஞ்சம் பொறுடா, ஸ்போர்ட்ஸ் கோட்டால ஆளெடுக்கறப்போ உன்னை உள்ள போட்டுடறேன், ஆனா எவன்கிட்டயும் காசு வாங்கிக்கிட்டு குஸ்தி போட்டுடாதே, அப்புறம் நம்ம போட்டில சேத்துக்க மாட்டான்" என்று தலையில் அடித்துச் சொன்னார். கொஞ்சம் பொறுக்க முடியவில்லை. நாயகர் கம்பெனியில் காசு, பிரியாணி, ஊர் ஊராகப் போகலாம். சண்டை நிஜமில்லை என்று சேர்ந்த பிறகுதான் தெரிந்தது, யார் ஜெயிக்கணும், எந்தப் பிடியில் விழணும் என்று மத்தியானச் சாப்பாட்டு நேரத்திலேயே நாயகர் சொல்லிவிடுவார். தெரிந்தபோது திரும்பிப் போயிருக்கலாம், போகவில்லை, ரயில்வே கதவு அதற்குள் மூடியிருந்தது. பொறுத்திருந்தால் ரயில்வே எத்திராஜ். அயனாவரத்தில் குவார்ட்டர்ஸ், குடும்பத்துக்கே பாஸ், டெல்லியில் போய் நிஜமான போட்டியில் நிஜமாகத் தோற்று நிஜமாக ஜெயித்து, சட்டையில் இந்தியா என்று எழுதி, ரிட்டயர்மெண்டில் சந்தனமாலை போட்டு எத்திராஜ் சார் எத்திராஜ் சார் என்று. அவனையும் பிடிக்கவில்லை. அந்த ரயில்வேக்காரனும் ஒரு நாள் கழுத்து தேய்ந்து இதே கட்டிலில்தான் வந்து படுப்பான், என்ன, அவன் பிள்ளை டாக்டரிடம் எங்கப்பா ரெஸ்லர் சார் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்வான். அந்த ஒரு வாக்கியத்துக்காக எத்திராஜ் அவனை மன்னிக்கமாட்டான்.

அதைவிட்டுத் தொலை, ரிங்கு கட்டின கதையை யாரிடம் போய்ச் சொல்வது. முகமூடிக்காரன் கம்பெனியோடு ஊர் ஊராக வரவேண்டும், ஆனால் யார் கண்ணிலும் படக்கூடாது, அதற்கு நாயகர் கண்டுபிடித்த வழி அது. சாயங்காலம் லுங்கியும் கிழிந்த பனியனுமாக எல்லார் முன்னாலும் மரம் நட்டு, பலகை போட்டு, கயிறு இழுத்துக் கட்டணும். ஜனம் வர ஆரம்பித்ததும் மேடைக்கு அடியில் நுழைந்து, அங்கேயே உடை மாற்றி, முகமூடியைக் கட்டிக்கொண்டு ஜீப்புக்குப் போய் அங்கிருந்து கருநாகமாக வந்து இறங்கணும். கடைசி நாளன்றைக்கு ஜம்பு அடித்து வீழ்த்தி முகமூடியின் கயிற்றில் கையை வைப்பான், அந்த நேரம் பார்த்து விளக்கு அணையும், கருநாகம் மாயம், பத்து நிமிஷத்தில் ரிங்கு கட்டறவன் கொட்டாவி விட்டுக்கொண்டு வந்து கயிற்றை அவிழ்ப்பான். ஈரோட்டில் ஒரு நாள் ஜனம் கொதித்துப்போய், கருநாகம் போகிற ஜீப் என்று நினைத்துக் காலி ஜீப்பைக் கல்லால் அடித்தது. பக்கத்தில் லுங்கியோடு நின்ற எத்திராஜை ஒருத்தன் சந்தேகமாகப் பார்த்தான், "ஏன்யா, நீ அடிக்கலயா, நீ அந்த நாயோட ஆளா?" என்றான். எத்திராஜ் குனிந்து கல்லெடுத்தான். தன்னைத்தானே தாயைச் சேர்த்துத் திட்டிக்கொண்டு எறிந்தான், நல்ல குறி, கண்ணாடி உடைந்தது. பக்கத்தில் இருந்தவன் முதுகில் தட்டி டீ வாங்கிக் கொடுத்தான். உலகத்தில் வேறு எந்தத் தொழில்காரன் இப்படித் தன்மேலேயே கல்லெறிந்திருக்கிறான். அந்த டீயின் ருசி நினைவிருக்கிறது, இஞ்சி போட்ட டீ, நன்றாகத்தான் இருந்தது. அந்தக் கல் இன்னும் போய்க்கொண்டே இருக்கிறது என்று சில நாள் தோன்றும், கம்பெனி மூடி, மரக்கிடங்கில் காவலுக்கு நின்று, கஸ்தூரியைக் கட்டி, பிள்ளை பெற்று, அத்தனை வருஷமும் அவன் குனிந்து கல்லெடுத்துக்கொண்டேதான் இருந்தான்.

"மதுரைலதாம்மா" என்றான் ஜம்பு. வேண்டாம், அதை எடுக்காதே. "மதுரைல ஜனம் கருநாகம் கருநாகம்னு கத்திச்சு பாரு. வில்லன்மா நான், என் பேரைச் சொல்லிக் கத்தறாங்க." எத்திராஜின் விரல் பொத்தான்மேல் வந்துவிட்டது. மதுரை. வெளிச்சம் மூஞ்சியில் அடிக்க மல்லாந்து கிடந்தான், மேலே ஜம்பு, நடுவர் தரையை அறைந்து எண்ணுகிறார், மூன்று அறை விழுந்தால் தோல்வி, எப்போதும் ஜம்பு ஜம்பு என்று கத்துகிற ஜனம் அன்றைக்கு என்ன நினைத்ததோ, ஒரு மூலையிலிருந்து ஆரம்பித்து மைதானம் பூராவும் எழுந்திரு கருநாகம், எழுந்திரு என்று கத்தியது. ஜம்புவின் உடம்பில் பலமே இல்லை, வெறும் பூசணிக்காய், கழுத்தை ஊன்றி ஒரு வளை வளைத்திருந்தால் அவன் கயிற்றுக்கு அந்தப் பக்கம் போய் விழுந்திருப்பான். ஜம்புவுக்கும் அது தெரிந்துவிட்டது. அவன் காதோரம் குனிந்து, "தூக்கிடாதடா எத்திராஜு, சிங்கப்பூர்காரன் முன்வரிசைல ஒக்காந்துக்கினு இருக்கான், என்னைப் பாக்க வந்திருக்கான்டா" என்று கெஞ்சினான். கெஞ்சினான், மூச்சு நாற. எத்திராஜ் தூக்கவில்லை. சத்தியத்துக்காகவா, நாயகருக்கு பயந்தா, அவன்மேல் இரக்கமா, இன்றைக்கு வரைக்கும் தெரியவில்லை, எதுவாக இருந்தாலும் அது நல்ல காரணமாக இருந்திருக்க முடியாது. மூன்றாவது அறை விழுந்தது. ஜம்பு எழுந்து கையைத் தூக்கிச் சிரித்தான், அதே கன்னக்குழி. "அப்புறம் என்ன ஆச்சு தாத்தா, நீங்க எழுந்துட்டீங்களா?" என்று பிரிசில்லா கேட்டாள். ஜம்பு செருமினான். "எழுந்துட்டேம்மா" என்றான். எத்திராஜ் பொத்தானை அழுத்தினான்.

அவள் ஓடிவந்து, "இன்னும் ரெண்டு நிமிஷந்தானே தாத்தா, அதுக்குள்ள வலிச்சிருச்சா" என்று பட்டையைக் கழற்றினாள். எத்திராஜ் எழுந்து உட்கார்ந்தான், தலை சுற்றியது, நிற்கவில்லை, கட்டிலைப் பிடித்துக்கொண்டே போய்த் திரையை விலக்கினான். நாற்காலியில் ஒரு கிழவன் உட்கார்ந்திருந்தான். கை இரண்டிலும் மெழுகு அப்பி வெள்ளை உறை போட்ட மாதிரி இருந்தது. தலைக்குச் சாயம் அடித்து, அது வேரில் வெளுத்து, சட்டைக் காலருக்குள் கழுத்து ஆடிக்கொண்டிருந்தது. இதையா ஐம்பது வருஷமாக மனசில் போட்டு மிதித்துக்கொண்டிருந்தது, மிதிக்க இதில் என்ன இருக்கிறது என்று ஒரு கணம் எத்திராஜுக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது.

"எத்திராஜு" என்றான் ஜம்பு. திடுக்கிடவேயில்லை. "ரொம்ப நேரமா அந்தாண்டதான் இருந்தியா?"

"ரெண்டு தாத்தாவுக்கும் பழக்கமா?" என்றாள் பிரிசில்லா.

"எங்க கம்பெனிதாம்மா. ரிங்கு கட்டுவான். நல்ல வேலைக்காரன்."

"கருநாகம் நான்தான்" என்றான் எத்திராஜ். பிறந்ததிலிருந்து முதல் தடவையாக அதை வாய்விட்டுச் சொன்னான். தாடை மரத்துப்போயிருந்ததில் வார்த்தை குழறியது, குடித்தவன் உளறல் மாதிரி வந்தது. பிரிசில்லா இவனைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "சரி தாத்தா" என்றாள். வலி குறைந்ததா என்று கேட்டுவிட்டுச் சொல்வாளே, அதே சரி தாத்தா. வெளியே யாரோ கூப்பிட, போய்விட்டாள்.

"ஏண்டா" என்றான் எத்திராஜ். "ஜெயிச்சது பத்தலையா ஒனக்கு? சிங்கப்பூர் பத்தலையா? இத்தயும் எடுத்துக்கணுமா?"

"எவன் கேக்கறான் சிங்கப்பூர" என்றான் ஜம்பு. மெழுகுக் கையை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்துப் பேசினான். "என் பேரன் கேக்க மாட்டேங்கிறான். ரெண்டு பசங்க கேமராவத் தூக்கிக்கினு வூட்டுக்கு வந்தானுங்க, இளஞ்சிங்கம் ஜம்புன்னேன், அப்டியான்னு சொல்லிட்டு, கருநாகம் யாருன்னு தெரியுமான்றான். ஊரு பூரா அந்த மூஞ்சி இல்லாதவனத்தான் தேடிக்கினு கீது. எல்லா ஊர்லயும் ஜெயிச்சவன் நானு. ஒருத்தன் ஒரு வார்த்தை கேக்கல."

"அப்ப சொல்றது, எத்திராஜுதான்னு."

"மாட்டேன்."

"பல்லைக் காட்டாதேன்னு சொல்லிட்டு நீ காட்டினியே, நாயகர் முன்னால."

"நான் சொல்லாங்காட்டியும் நீ காட்டியிருக்க மாட்டே. என்னிக்கிடா நீ சிரிச்சிருக்கே? இப்பகூட மூஞ்சப் பாரு."

எத்திராஜின் கை தானாக மடங்கியது. "நீ செத்தாத்தான்டா எனக்கு நிம்மதி. தெனம் அதத்தான் வேண்டிக்கினு கீறேன்."

ஜம்பு தலையைத் தூக்கினான். அந்தக் கண்ணில் கெஞ்சல் இல்லை, பயமும் இல்லை. "வேண்டிக்கோ. நான் செத்தா நீ ரிங்கு கட்டினவன்தான். நீ யாருன்னு தெரிஞ்ச ஆளு இந்த ஒலகத்துல இன்னிக்கி நான் ஒருத்தன்தான்டா எத்திராஜு. நான் பொய் சொல்றேன்னு தெரியணும்னாக்கூட நான் உசுரோட இருக்கணும்."

பிரிசில்லா திரும்பி வந்து மெழுகை உரித்தாள். அது கை அச்சாகவே கழன்று வந்தது. சிவந்து வெந்த விரல்கள், முட்டி முட்டியாகக் கோணியிருந்தன. ஜம்பு துண்டால் துடைத்துக்கொண்டு, அவளிடம் நாளைக்கு வருவதாகச் சொல்லிவிட்டு, எத்திராஜைத் திரும்பிப் பார்க்காமல் நடந்தான். செருப்பு ஒன்றுக்கு வார் விட்டிருந்தது, காலை இழுத்து இழுத்து வைத்தான். போகட்டும் என்று எத்திராஜ் நின்றான். போய்த் தொலையட்டும். சாட்சியாம், பெரிய சாட்சி, பொய்ச்சாட்சி. தயாளனிடம் சொல்லிவிட்டால் போயிற்று, இன்றைக்கே சொல்லிவிடலாம், ஆனால் இவள் மாதிரியே அவனும் சரிப்பா என்பான், மருந்து மாற்றச் சொல்லி டாக்டருக்குப் போன் போடுவான். வெளியே மாடிப்படியின் தலைப்பில் ஜம்பு நின்று தடுமாறுவது தெரிந்தது. செங்குத்தான படி, கீழே ஆட்டோவில் அவன் மருமகள் போன் பேசிக்கொண்டிருந்தாள். வெந்த கையால் எதையும் பிடிக்க மாட்டாமல், இரண்டு கையையும் நெஞ்சுக்கு நேராகத் தூக்கிக்கொண்டு, காலால் துழாவி முதல் படியில் இறங்கினான். எத்திராஜுக்கு நெஞ்சு பதறியது, தன் உடம்பே விழப்போகிற மாதிரி, இருக்கிற ஒரே கருநாகம் உருண்டுபோய்ச் சாகப்போகிற மாதிரி. கழுத்து வலியையும் மறந்து ஓடினான்.

"எருமை மாடே, பார்த்து எறங்குடா" என்று கத்திக்கொண்டே போய், ஜம்புவின் மேல்கையை இறுக்கிப் பிடித்தான். "வுழுந்து கிழுந்து தொலைஞ்சேன்னா கொன்னுடுவேன் ஒன்னை."

ஜம்பு கையை உதறப் பார்த்தான், முடியவில்லை. எத்திராஜ் அவனை ஒவ்வொரு படியாகத் திட்டிக்கொண்டே கீழே இறக்கிக்கொண்டு போனான்.